காற்றை அறிந்தவரும் கரையை ஆண்டவரும்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோரிற் பலர் கோணேசர் கோயிலின் வாயிலிலிருந்தோ பிரெடெரிக் கோட்டையின் வாயிலிலிருந்தோதான் தொடங்கியிருக்கின்றனர். எந்த மன்னன் திருப்பணி செய்தான், எந்தத் தளபதி அதனை இடித்தான், எந்தக் கொடி எந்த ஆண்டில் ஏறியது, எந்த ஆண்டில் இறங்கியது என்ற கணக்கே நமது பாடப்புத்தகங்களில் வரலாறென வழங்குகிறது. அக்கணக்குப் பொய்யன்று. ஆனால் அக்கொடிகளையெல்லாம் அத்துறைக்குக் கொணர்ந்தது காற்று என்பதையும், அக்காற்றின் போக்கை அறிந்து அதனாற் பிழைத்த மக்கட் கூட்டமொன்று எக்கொடியின் கீழும் அதே கரையில் வாழ்ந்து வந்தது என்பதையும் அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. அந்தப் பகுதியைச் சிறிது சொல்லிப் பார்ப்பதே இங்கு நமது நோக்கம்.

இக்காலத்தில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். அவர்களுட் சிலர் பாய்ப்பலகை ஓட்டுபவர்கள். பலகையொன்றின்மேற் பாய்மரம் நட்டு, பாயைக் கையாற் பற்றி, நின்றபடியே காற்றோடு ஓடும் விளையாட்டு அது. அவ்விளையாட்டுக்காரர் கேட்கும் முதற் கேள்வி விடுதியின் வாடகையைப் பற்றியதன்று. எந்த மாதத்தில் எந்தக் கரையிற் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பதே அவர்களது கேள்வி. காற்று வலுவாக வேண்டுமெனின் சோளகக் காலத்திற் கற்பிட்டிக்குப் போ என்பார்கள். அமைதியான நீர் வேண்டுமெனின் அதே காலத்திற் கிழக்குக் கரைக்கு வா என்பார்கள். கேள்வி புதியதுபோற் தோன்றினும், இத்தீவின் கரையில் இதைவிடப் பழைய கேள்வி வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே. விளையாட வந்தவன் கரையைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு நாட்பொழுது வீணாகும். தொழிலுக்குப் போகிறவன் தவறாகத் தேர்ந்தால் அன்று வீட்டில் உலை ஏறாது; சில வேளைகளில் அவனே திரும்பி வரமாட்டான்.

நம்மவர் காற்றை நான்காகப் பிரித்துப் பெயரிட்டனர்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து தரையைக் காய்ச்சிக்கொண்டு வருவது கச்சான். பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேற் பருவக்காற்று என்று மனனஞ் செய்கின்றனர். அவ்விரண்டு சொற்களினும் இந்நான்கு சொற்கள் நுட்பமானவை. ஏனெனிற் கடலிற் பாய் விரிப்பவனுக்குக் காற்றுப் புறப்படும் திசையில் ஒரு சிறு மாறுதலும் வேறொரு துறையைத் தேடவேண்டிய காரணமாகிவிடும்.

திருகோணமலை நகரின் அமைப்பைக் கண்டோருக்கு இது எளிதில் விளங்கும். ஒடுங்கிய நிலக்கழுத்தொன்றின்மேல் ஊர் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் மலைகளால் நாற்புறமும் அணைக்கப்பட்ட உட்துறைமுகம். மறுபக்கம் திறந்த வங்கக்கடல். கோட்டைக்கு வடபுறத்தே ஆங்கிலேயர் பாக் பே என்று பெயரிட்ட குடா. தென்புறத்தே டச்சுக் குடா. அதற்கும் தெற்கே மகாவலி வந்து கலக்கும் அகன்ற கொட்டியாரக்குடா. ஐப்பசி பிற்பகுதியில் வாடை தொடங்கியதும் நிலாவெளி, உப்புவெளி, சல்லி முதலிய வெளிக்கரைகளில் அலை நேராக வந்து மோதும். காற்றும் கடலிலிருந்து கரைநோக்கி வீசுவதால் அலையைக் கடந்து வள்ளத்தைத் தள்ளுவதே பெரும்பாடு. வடகிழக்குத் திறந்து கிடக்கும் கொட்டியாரக்குடாவும் அக்காலத்திற் குமுறும். அதே நாளில், நகரின் தெருவொன்றைக் கடந்து மேற்குப்புறம் சென்றால் உட்துறைமுகத்து நீர் குளம்போற் கிடக்கும். ஆகவே வாடைக்காலத்துத் தொழில் உட்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் கிண்ணியாப் பக்கத்துக் களப்புகளுக்கும் ஒதுங்கும். இறாலும் நண்டும் அங்கேதான்.

வைகாசி முதற் புரட்டாதி வரை நிலைமை தலைகீழாகும். சோளகமும் கச்சானும் தீவைக் கடந்து, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காடுகளின்மேற் காய்ந்து கிழக்குக் கரைக்கு வரும். காற்றுத் தரையிலிருந்து கடல்நோக்கிப் போவதாற் கரையோரத்தில் அலையெழும்ப இடமில்லை. நிலாவெளியிற் கடல் கண்ணாடியாகத் தெரிவது இக்காலத்திலேதான். உல்லாசப் பிரயாணிகளின் பருவமும் இதுவே. ஆனால் இந்தக் கண்ணாடி ஏமாற்றும். கரையை விட்டு அகல அகலக் காற்று வலுக்கும்; திரும்பிவர நினைப்பவனுக்கு அது எதிர்க்காற்று. பாய் கிழிந்தவனுக்கும் மரம் முறிந்தவனுக்கும் கிழக்கே அந்தமான் வரை ஒதுங்க ஒரு திட்டும் இல்லை. கரையிலிருந்து புறப்படும் காற்றில் தனியே ஓடாதே என்று பாய்ப்பலகை பழக்கும் ஆசிரியர்கள் இன்று எச்சரிப்பதும் இதனையே. சல்லியிலும் சாம்பல்தீவிலும் சிறுவர்கள் இதைப் பாடமாகப் படிக்கவில்லை. திரும்பி வராதவர்களின் பெயர்களைக் கேட்டு வளர்ந்தனர்.

இவ்விரு பெருங்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில் நாட்காற்றே ஆட்சி செய்யும். பகலில் வெயிலாற் தரை விரைவிற் சூடேற, அதன்மேலுள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். இரவிற் தரை விரைவிற் குளிர்ந்துவிடுவதாற் காற்று எதிர்முகமாகத் திரும்பும். விடியற்சாமத்துத் தரைக்காற்றிற் பாயை விரித்துப் போய், பிற்பகற் கடற்காற்றிற் பாயை விரித்து வருவது பாய்க்காலத்துத் தொழிலாளியின் நாள். துடுப்பு வலிக்கும் உழைப்பைக் காற்றின்மேற் போட்டுவிடும் கணக்கு அது.

இவ்வறிவு எவ்வளவு பழையது? கிறித்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டில் எழுந்த எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ் என்ற கிரேக்கநூல், பருவக்காற்றோடு நேரே கடல்கடந்து செல்லும் வழியைக் கண்டவன் இப்பலசு என்று கூறுகிறது. அராபிய மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் அவனுக்கு முன்னரே அவ்வழியை அறிந்திருந்தனர் என்பதை இன்று வரலாற்றாசிரியர் பலரும் ஏற்பர். தமிழர்களாகிய நாம் இவ்விடத்திற் பெருமிதத்தோடு புறநானூற்றின் 66ஆம் பாட்டைச் சுட்டுவது வழக்கம். காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கடலிற் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் அதிலே விளித்தார். பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆயினும், காற்றைக் கண்டு பாய் திருப்பியது அரசனின் கையா என்று கேட்பதிலும் தவறில்லை. மீகாமனின் பெயரைப் பாட்டிலும் காணோம், கல்வெட்டிலும் காணோம். மட்பாண்டம் வனையும் குலத்துப் பெண்பாற் புலவர் அந்த வென்ற மன்னனைப் புகழ்ந்த மூச்சிலேயே, தோற்று வடக்கிருந்தவனே மேலானவன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பதை மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

திருகோணமலைக்கு வடக்கே திரியாயிலுள்ள பழைய வடமொழிச் சாசனம் கடல்வணிகரான இருவரைப் பேசுகிறது. நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலச் சாசனம் கோயிலுக்கு விட்ட நிலத்தைப் பேசுகிறது. வணிகனும் கோயிலும் கல்லில் ஏறினர். அவர்களது கலங்களைக் கரை சேர்த்தவர்கள் ஏறவில்லை. இதற்குமேல் அப்பழங்காலத்தைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டியதில்லை. ஏனெனிற் துறைமுகம் உலகப் பேராசையின் நடுவே வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

இதற்குக் காரணம் திருகோணமலையில் இருந்ததைவிட, எதிரே சோழமண்டலக் கரையில் இல்லாததே எனலாம். ஐரோப்பியக் கம்பனிகளின் துணிவியாபாரம் முழுவதும் அக்கரையில் நடந்தது. மசூலிப்பட்டினம், சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகபட்டினம் என்று பண்டசாலைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் அக்கரை நெடுகிலும் பெரும் பாய்க்கப்பலொன்று வாடைக்கு ஒதுங்கத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் கிடக்க, நம்மவர்கள் கட்டுமரத்திலும் மசூலாப் படகிலும் அலைகடந்து சரக்கையும் துரைமாரையும் ஏற்றி இறக்கினர். ஆங்கிலமொழி கட்டுமரம் என்ற நமது சொல்லைக் கடன்வாங்கியது இப்பக்கத்துக் கரையிலிருந்தே. ஐப்பசி பிறந்ததும் கடற்படைகள் அக்கரையை விட்டு ஓடவேண்டும், ஓடாதவை உடையும். 1746 செப்டெம்பரிற் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஒக்டோபர் நடுப்பகுதியில் வீசிய புயலிற் தன் கப்பல்கள் சிலவற்றை அதே சென்னையின் முன்னே இழந்தான். 1761ஆம் ஆண்டின் முதல் நாளிற் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களுக்கும் அதே கதி நேர்ந்தது. புயலுக்குத் தேசபேதம் இல்லை. வங்கக்கடலின் மேற்குப் பக்கத்தில் எல்லாக் காற்றிலும் பாதுகாப்பான பெருந்துறை ஒன்றே ஒன்று. அது திருகோணமலையில் இருந்தது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலிற் பாய்மரம் முறிந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டுவதற்கென்று கொட்டியாரத்துக்கு வந்தது. வாடை ஓய்ந்த குடாவும் கரையிலே மரம் நிறைந்த காடும் அதற்கு வசதியாய் இருந்தன. வந்தவர்களிற் சிலரைக் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இற் பிடித்துக்கொண்டு போயினர். அவர்களுள் ஒருவனான றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை இலண்டனில் வெளியிட்டான். கண்டி நாட்டின் குடியானவனுடைய வாழ்க்கையை அறிய நமக்கிருக்கும் அரிய சான்றுகளில் ஒன்று, ஒரு வாடைப்புயல் முறித்த பாய்மரத்தினால் விளைந்தது.

துறைக்காக நடந்த பிடிபாடுகளை வேகமாகக் கடந்து செல்லலாம். 1620இல் டேனியர் வந்து பார்த்துப் போயினர். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672இற் பிரெஞ்சுக்காரர் வந்து தோற்றுச் சென்றனர். எனினும் 1782ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். துறையும் காற்றும் பட்டினியும் ஒரே முடிச்சாக இறுகிய ஆண்டு அது.

அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தான். மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்தில் ஆங்கிலேயரோடு போர் நடத்திக்கொண்டிருந்த காலம். ஹைதருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்குக் கப்பல் செப்பனிட மொறீசியசுக்கு இப்பால் ஒரு துறையும் இல்லை. ஓகஸ்ட் மாதக் கடைசியில் அவன் திருகோணமலைக்கு வந்து, கோட்டைக்கு வடபுறத்துப் பாக் பேயில் நங்கூரமிட்டான். சோளகக் காலத்தில் அக்குடாவுக்குத் தரை மறைப்பாகும் என்பதை மேலே கண்டோம். அவனும் கரையைக் காற்றறிந்தே தேர்ந்தான். சில நாட்களிற் கோட்டை அவன் கைக்கு வந்தது. செப்டெம்பர் 3ஆம் நாள் ஹியூஸ் வந்தபோது கோட்டையிற் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சுஃப்ரன் துறையை விட்டு வெளியே வந்து போரிட்டான். ஹியூஸ் தென்மேற்குக் காற்றோடு கிழக்கே விலகி விலகி, பிரெஞ்சுக்காரரைத் துறையிலிருந்து காற்றின் கீழ்ப்புறமாக இழுத்துச் சென்றான். வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. ஆனாற் காற்றை எதிர்த்துத் திரும்பிவந்த பிரெஞ்சுக் கப்பல்களில் ஓரியான் என்பது துறைக்கு அருகே பாறையில் ஏறி அழிந்தது.

துறையை இழந்த ஹியூஸ் சென்னைக்குப் போனான். அங்கே வாடைக்கு ஒதுங்க இடமில்லை. ஒக்டோபர் 15ஆம் நாள் எழுந்த புயலின் முன்னே கடற்படை சென்னையைக் கைவிட்டு, இந்தியாவைச் சுற்றிப் பம்பாய் நோக்கி ஓடியது. சுஃப்ரனும் அந்த வாடையைச் சுமாத்திராவின் அச்சேயில் ஒதுங்கிக் கழித்தான். தளபதிகள் இருவரும் பிழைத்தனர். பிழைக்காதவர் யார்? போரினால் வயல்கள் கருகிய கர்நாடகத்திலிருந்து சென்னைக்குள் வந்து குவிந்த குடியானவர்கள். அவர்களுக்கு அரிசி ஏற்றிவந்து நின்ற மரக்கலங்களைப் புயல் சென்னைக் கரையில் உடைத்தெறிந்தது. பசியாளிகளுக்குக் கஞ்சி வார்க்க அவ்வாண்டு தொடங்கிய இடம்தான் பின்னர் மணியக்காரர் சத்திரமாயிற்று. அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னையின் வடபகுதி ஏழைமக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர். கடற்போர்களை வருணிக்கும் நூல்களில் அந்த ஒக்டோபர் புயல் ஒரு தளபதியின் இடைஞ்சலாக வருகிறது. கஞ்சித்தொட்டி என்ற பெயரில் மட்டும் அது மக்கள் பட்ட துன்பமாக மிஞ்சி நிற்கிறது.

சமாதானத்தின்போது துறை மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்தனர். 1802இல் ஏமியன் உடன்படிக்கை அவர்களுடைய பிடியை உறுதிசெய்தது. 1817இற் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டிய போர்க்கப்பலொன்றுக்குத் திருகோணமலையின் பெயரையே இட்டனர். அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப்பொருளாக இன்றும் மிதக்கிறது.

பிறகு நீராவி வந்தது. நீராவி என்பது முதலாளித்துவம் காற்றின் தயவிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்ட கருவி. கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் கொழும்பையே தமக்கு அணித்தான கரையாகக் கண்டன. சோளகத்தில் அலை நேரே மோதும் திறந்த கரை அது. இயற்கையாற் துறைமுகம் என்னும் பெயருக்குத் தகுதியற்றது. ஆனால் இலாபம் அங்கே இருந்தது. ஆகவே 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் முடித்து, தென்மேற்குக் காற்றைத் தடுக்கக் கடலிற் கற்சுவர் ஒன்றை எழுப்பினர். அதற்கான கல்லை மகரையில் உடைத்தவர்கள் சிறைக்கைதிகள். சென்னையிலும் அதே காலத்திற் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர்; 1881 நவம்பர்ப் புயல் அச்சுவர்களை உடைத்தும் அவர்கள் விடவில்லை. எல்லாக் காற்றுக்கும் இடங்கொடுத்த திருகோணமலைக்கு வணிகம் வரவில்லை. போர்க்கப்பல் மட்டுமே வந்தது.

இதுவே அவ்வூர் மக்களின் வாழ்வை நெருக்கிய திருப்பம். வணிகத்துறை ஆயின் கூலிவேலையாவது பெருகியிருக்கும். கடற்படைத்தளம் ஆனதால் வேலிகளே பெருகின. வாடைக்காலத்தில் ஒதுங்க வேண்டிய உட்துறைமுகத்தின் கரைகள் ஒவ்வொன்றாகப் படைத்துறையின் சொத்தாயின. சீனக்குடாவிற் காட்டுக்குள்ளே வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றைக்கே ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் காலத்தில் ஆங்கிலக் கடற்படை தளத்தைக் கையளித்தபோது நாடெங்கும் மகிழ்ச்சி பொங்கியது, அது நியாயமானதே. ஆனாற் கொடி மாறிற்றேயன்றி வேலி நகரவில்லை.

இனி, வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களிடம் வருவோம். இத்தீவின் மீன்பிடித் தொழிலுக்கு எழுதப்படாத சட்டமொன்று இருந்தது: காற்று மாறக் கரையை மாற்று என்பது அது. சோளகத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர் குடும்பத்தோடும் வலையோடும் கிழக்கே வருவர். கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி முதலிய கரைகளிற் கிடுகினால் வாடி அடிப்பர். வாடைக்கு முன் வாடியைப் பிரித்துக்கொண்டு திரும்புவர். அவர்களுட் பலர் சிங்களமும் தமிழும் கலந்து பேசும் கத்தோலிக்கர். இனவாதிகள் வகுக்கும் பெட்டிகளுக்குள் எளிதில் அடங்காத மக்கள். அவர்கள் வருகையிற் பூசல் இல்லாமலில்லை. கரைவலை வளைப்பதற்கு ஒவ்வொரு துண்டுக் கரைக்கும் பாடு என்ற உரிமை உண்டு. எந்தப் பாடு யாருக்கு, எவருடைய முறை எந்நாளில் என்பதிற் சண்டைகள் எழுந்தன, பேசித் தீர்ந்தன.

இவ்வாழ்வைப் பொற்காலமாக வருணிக்க நாம் முற்படவில்லை. காற்றைக் கண்டு வலைவளைப்பை நடத்திய மண்டாடிக்கு வலை சொந்தமன்று. வலையும் வள்ளமும் பாடும் சம்மாட்டியின் சொத்து. இழுப்பவன் முற்பணக் கடனிற் கட்டுண்டவன். வாடைக்காலத்துப் பட்டினியில் வாங்கியதைச் சோளகக் காலத்து உழைப்பால் அடைத்து, அடுத்த வாடையில் மீண்டும் வாங்குவான். காற்றின் சுழற்சியே கடனின் சுழற்சியாயிற்று. ஆயினும் ஒன்று உண்டு: கரை மாறும் சுதந்திரம் இருந்தவரை, ஒரு கரை மூடும்போது இன்னொன்று திறந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப்படகுகள் வந்தன. பின்னர் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாய் மெல்ல மறைந்தது. இயந்திரத்தைப் பழிக்கும் பிற்போக்கு நமக்கில்லை. எதிர்க்காற்றில் ஒருவனை உயிரோடு வீட்டுக்குக் கொணரும் கருவியைப் பழிப்பது கரையில் நிற்பவனுக்கு எளிது. ஆனால் இயந்திரமும் எண்ணெயும் யாருடைய கையில் என்ற கேள்வி பாய்க்காலத்தில் எழாதது. காற்றுக்கு விலை இருக்கவில்லை.

1983க்குப் பின் போர் வந்தது. கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு, திரும்ப நேரக்கட்டுப்பாடு, இயந்திரத்தின் வலுவுக்கு வரம்பு என்று ஆயிற்று. தரைக்காற்று எழும் விடியற்சாமத்திலேதான் தொழில் தொடங்கும் என்பது காவலரணுக்கு ஒரு காரணமாகத் தோன்றவில்லை. கொட்டியாரக்குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இற் குண்டுவீச்சுக்கு அஞ்சி இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களது ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2015 முதலே அவர்கள் மீளத் தொடங்கினர். அதுவரை அக்கரைக்கு உரியவர்களுக்கு அக்கரையின் காற்று அந்நியமாயிருந்தது. 2004 கடற்கோளுக்குப் பின் அரசாங்கம், வடக்குக் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். உல்லாச விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பின்னர் அவ்விதி தளர்ந்ததாயினும், அந்த விலக்கு ஒன்றே போதும். அலை வந்தால் அஞ்சவேண்டியது கடற்றொழிலாளியின் குடிசை மட்டுமோ?

போர் ஓய்ந்த 2009க்குப் பிறகு வாடிகள் மீண்டும் எழுந்தன. கூடவே பாடுகளின் சண்டையும் எழுந்தது. இம்முறை அது பேசித் தீரும் பூசலாக இல்லை. துப்பாக்கி யாருடைய பக்கம் நின்றது என்ற நினைவு இருபுறத்தும் இருந்தது. இடம்பெயர்ந்து மீண்ட தமிழனுக்கும் முஸ்லிமுக்கும் தன் பாட்டில் இன்னொருவன் வலை வளைப்பது நிலப்பறிப்பாகத் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக வந்துபோன நீர்கொழும்பானுக்கோ தன் பருவம் மறுக்கப்படுவதாகத் தெரிகிறது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கிக் கொண்டிருக்கையிற் கரையில் வேறு வேலிகள் எழுகின்றன. மேற்கே கற்பிட்டியிற் பதினான்கு தீவுகளை உள்ளடக்கி வகுத்த உல்லாசத்துறைத் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள கடற்றொழிலாளர் குரல் எழுப்பியது நினைவிருக்கலாம். அவர்கள் தொழில் செய்த காற்றும் விளையாட வருவோர் தேடும் காற்றும் ஒன்றே. ஆகவே கரையும் ஒன்றாயிற்று.

பாய்ப்பலகைக்கே ஒரு சுவையான சரித்திரம் உண்டு. 1968இல் அமெரிக்காவிற் கலிபோர்னியாவைச் சேர்ந்த இருவர் அதற்குக் காப்புரிமை கோரினர். உலகெங்கும் அதைச் செய்து விற்போர் அவ்வுரிமைக்குப் பணங்கட்ட நேர்ந்தது. வழக்கு இங்கிலாந்துக்குப் போயிற்று. 1958இலேயே ஆங்கிலக் கடற்கரையொன்றிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தானே செய்த பலகையிற் பாய்கட்டி ஓட்டினான் என்பது அங்கே வெளிப்பட, 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாதென்றது. அங்கே சிறுவனின் விளையாட்டுக்குச் சாட்சி கிடைத்தது. நம் கரையிற் பாடு யாருடையது என்பதற்கு முதியோரின் நினைவைத் தவிரச் சாட்சி அரிது. அந்த நினைவை எந்த நீதிமன்றமும் தேடி வந்ததில்லை.

2022இல் நாடு கடனில் மூழ்கி எரிபொருள் அற்றுப்போனபோது மண்ணெண்ணெய் கிடைக்காமற் கடற்றொழில் முடங்கியது. ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் ஒரு லீற்றரின் விலையை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்திற்று. அதே ஆண்டின் சனவரியிற் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிடும் உடன்படிக்கைகள் கொழும்பிற் கையெழுத்தாகியிருந்தன. தாங்கிகள் நிற்கும் குடாவைச் சுற்றிய ஊர்களில் எண்ணெய்க்கு வழியில்லை. கிழக்குக் கரையில் அது சோளகக் காலம். கடல் அமைதியாகக் கிடக்கும் பருவம். விடியற்சாமத்தில் தரைக்காற்று வழக்கம்போற் கடல்நோக்கிப் புறப்பட்டது. படகுகள் மணலிற் கிடந்தன. அவற்றிற் பாய்மரம் நாட்டுவதற்குத் துளைகூட இல்லை.